பார் நேராக இருக்கட்டும்

கார்பன் சைக்கிள் வேண்டும் என்று கேட்கும் பிள்ளையோ பேரனோ உங்கள் வீட்டில் இருந்தால் இதை அவனுக்குப் படித்துக் காட்டுங்கள். அவனுக்குக் கேட்கப் பொறுமை இல்லை என்றால் நீங்களாவது படித்து வையுங்கள். கடைசியில் பணம் கேட்டு உங்களிடம்தானே வரப்போகிறான்.

காலை ஐந்தரை மணிக்குப் பட்டினப்பாக்கத்தில் நின்று பாருங்கள். தலைக்கவசம், இறுக்கமான சட்டை, பின்னால் மினுக் மினுக்கென்று சிவப்பு விளக்கு. கும்பல் கும்பலாகப் பையன்கள் திரு.வி.க. பாலம் ஏறி, அடையாறு, திருவான்மியூர் வழியாக ஈ.சி.ஆர். பக்கம் போகிறார்கள். பெண் பிள்ளைகளும் இருக்கிறார்கள். பார்க்க ஆசையாக இருக்கிறது. ஆனால் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் பாதிப் பேர் சைக்கிளோடு மல்லுக்கட்டிக்கொண்டு போவது தெரியும். ஒருவர் கழுத்தைத் தூக்கமுடியாமல் தூக்குகிறார். இன்னொருவர் கையை எட்டி எட்டி நீட்டுகிறார். அவர்கள் உடம்பில் குறை ஒன்றும் இல்லை. அளவு பார்க்காமல் சைக்கிளைத் தலையில் கட்டியவர்கள் மேல்தான் குறை.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கார்பன் ஃபிரேம் வாங்குவதாக இருந்தால் பழைய முறையில், பார் நேராக உள்ள ஃபிரேமைத் தேடுங்கள். அது கிடைக்காவிட்டால், அந்தப் பழைய முறை எந்த நியாயத்தின் மேல் நின்றதோ அந்த நியாயமாவது உள்ள ஃபிரேமை வாங்குங்கள். இரண்டும் இல்லாததை எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

பார் என்றால் நமக்கு விளக்கம் தேவையில்லை. குரங்கு பெடல் போட்டு சைக்கிள் பழகியவர்கள் நாம். சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவே தரைக்கு இணையாக ஓடும் அந்தக் குழாய்தான் பார். அதன் மேல் துண்டைச் சுற்றி, பிள்ளையை உட்காரவைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோனோம். இன்று கடையில் நிற்கும் ரேஸ் சைக்கிள்களில் அந்தப் பார் முன்பக்கம் உயர்ந்து பின்பக்கம் சரிந்திருக்கும். ஃபிரேம் சின்னதாக இருக்கும். சீட்டைத் தாங்கும் கம்பி கொக்குக் கால் மாதிரி நீண்டு வெளியே தெரியும். முன்னதை நேர் பார் என்றும் பின்னதைச் சாய்ந்த பார் என்றும் சொல்லிக்கொள்வோம்.

பார் சாய்ந்தால் என்ன, நேராக இருந்தால் என்ன என்று கேட்கலாம். இரும்புக் காலத்தில் சைக்கிள் எப்படி விற்றது என்று நினைத்துப் பாருங்கள். அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் 1949-இல் தொடங்கியது. ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ., பிலிப்ஸ் எல்லாம் அங்கிருந்து வந்தவை. சைக்கிள் முன்பணத்துக்கு மனுப்போட்டு, மாதாமாதம் சம்பளத்தில் பிடித்தம் கொடுத்து வாங்கிய குமாஸ்தாவிடம்கூடக் கடைக்காரர் கேட்ட முதல் கேள்வி, "22 இஞ்சா, 24 இஞ்சா?" என்பதுதான். அது சக்கரத்தின் அளவு இல்லை. சக்கரம் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். ஃபிரேமின் உயரம் அது. நெட்டையான ஆளுக்கு 24, மற்றவர்களுக்கு 22. இரண்டே அளவு என்றாலும், ஆளைப் பார்த்துத்தான் சைக்கிளை எடுத்தார்கள். ரேஸ் சைக்கிளில் இந்த வழக்கம் இன்னும் நுணுக்கமாக இருந்தது. நல்ல இத்தாலிய, பிரெஞ்சு ஃபிரேம்கள் 50, 51, 52, 53 என்று சென்டிமீட்டர் கணக்கில் வந்தன.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். பிரெஞ்சில் சைக்கிள் ஃபிரேமுக்குக் 'காத்ர்' என்று பெயர். பிறகு அரசு வேலைக்கு வந்தபோது அதே சொல்லைக் 'கேடர்' என்ற உச்சரிப்பில் கேட்டேன். இந்தக் கேடர், அந்தக் கேடர், கேடருக்கு வெளியே உள்ளவர். முப்பது வருஷத்துக்கு மேல் அந்தச் சொல்லோடு குடித்தனம் நடத்தியதில் ஒன்று தெரிந்தது. சட்டத்தை முதலில் செய்துவிட்டு ஆளை அதற்குள் அடைப்பது நிர்வாகத்துக்குச் சுலபம், ஆளுக்குக் கஷ்டம். சைக்கிள் உலகத்திலும் நடந்தது அதேதான்.

கார்பனுக்கும் சாய்ந்த பாருக்கும் பிறவித் தொடர்பு ஏதும் கிடையாது. 1986-இல் கிரெக் லெமாண்ட் தூர் த பிரான்ஸ் பந்தயத்தை வென்றபோது அவர் ஓட்டியது பிரான்ஸின் லுக் கம்பெனியின் கார்பன் சைக்கிள். கார்பன் குழாய்களை அலுமினிய மூட்டுகளில் ஒட்டிச் செய்தது. பார் நேர் பார்தான். 1994-இல் இத்தாலியில் எர்னெஸ்தோ கொல்னாகோ சி-40 என்ற ஃபிரேமைக் கொண்டுவந்தார். இதில் மூட்டுகளும் கார்பன். பாரிஸ்-ரூபே என்று ஒரு பந்தயம் உண்டு. கருங்கல் பாவிய பழைய வண்டிப்பாதைகளில் எலும்பு நொறுங்க ஓட்டுவது. கார்பன் அங்கே உடைந்துவிடும் என்று பயந்த காலத்தில், 1995-இல் ஃபிராங்கோ பல்லெரினி சி-40-இல் வென்றார். மறு வருஷம் அதே அணியினர் முதல் மூன்று இடங்களையும் பிடித்தார்கள். அதிலும் நேர் பார்தான். ஆகவே "கார்பன் என்றால் பார் சாய்ந்துதான் இருக்கும் சார்" என்று கடையில் சொன்னால் நம்பாதீர்கள்.

பிறகு யார் சாய்த்தது? 1990-களின் இறுதியில் தைவானின் ஜயண்ட் கம்பெனி. வடிவமைத்தவர் மைக் பர்ரோஸ் என்ற இங்கிலாந்துக்காரர். சாதாரண ஆள் இல்லை. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் கிறிஸ் போர்டுமன் தங்கம் வாங்கிய லோட்டஸ் சைக்கிளின் பின்னால் இருந்தவர். பாரைச் சாய்த்தால் ஃபிரேமின் முக்கோணம் சிறுத்து, எடை குறைந்து, விறைப்பு கூடும் என்றார். அது உண்மை, நான் மறுக்கவில்லை. ஆனால் கூடவே இன்னொரு லாபம் இருந்தது. பார் தாழ்ந்துவிட்டதால் குட்டையானவரும் கால் ஊன்றி நிற்கலாம். நெட்டையானவருக்குச் சீட்டுக் கம்பியை நீளமாக இழுத்துவிடலாம். கை எட்டாவிட்டால் ஹேண்டில்பாரைப் பிடிக்கும் ஸ்டெம்மை மாற்றிவிடலாம். எனவே பத்துப் பன்னிரண்டு அளவு வேண்டாம், மூன்றே போதும். எஸ், எம், எல். பனியன் மாதிரி.

இது யாருக்கு லாபம் என்று யோசியுங்கள். கார்பன் என்பது பாவும் ஊடுமாக நெய்த துணி போன்றது. பிசினில் தோய்த்து, அச்சுக்குள் அடுக்கடுக்காக வைத்து, சூட்டில் இறுக்குகிறார்கள். ஃபிரேமை அச்சில் வார்த்தால் ஒவ்வொரு அளவுக்கும் தனி அச்சு வேண்டும். அச்சு விலை அதிகம். 12 அச்சுக்குப் பதில் 3 அச்சு என்றால் மிச்சம் யார் பையில் போகும்? கடைக்காரருக்கும் கிடங்கில் 12 அளவு அடுக்கிவைக்கும் தொல்லை இல்லை. வாங்குகிறவனுக்கு விலை குறைந்ததா? கார்பன் சைக்கிள் என்றால் இன்றும் லட்சத்தில்தான் பேச்சு. அன்று ஒரு குமாஸ்தா வாங்கிய இரும்புச் சைக்கிளுக்குக் கொடுத்த மரியாதையைக்கூட இன்று லட்சங்கள் கொடுப்பவனுக்குக் கொடுப்பதில்லை என்பதுதான் என் கோபம்.

மூன்று அளவு போதாது என்பதற்கு வெளியே போய்ச் சாட்சி தேட வேண்டாம். அதே ஜயண்ட் கம்பெனி பின்னாளில் எம்-முக்கும் எல்-லுக்கும் நடுவே எம்-எல் என்று ஓர் அளவைச் சேர்த்தது. மனித உடம்பு மூன்று எழுத்தில் அடங்கவில்லை என்பதற்கு இதைவிட வேறு வாக்குமூலம் வேண்டுமா?

எங்கள் குடியிருப்பில் ஒரு தம்பி. கம்ப்யூட்டர் வேலை. தவணையில் கார்பன் சைக்கிள் எடுத்தான். கடையில் அவனை ஏற இறங்கப் பார்த்து "நீங்க எம்" என்று சொல்லிவிட்டார்கள். நாடா போட்டு யாரும் அளக்கவில்லை. இரண்டு மாதத்தில் கழுத்து வலி, உள்ளங்கை மரத்துப்போகிறது. திரும்பப் போய்க் கேட்டால், பழகப் பழகச் சரியாகிவிடும் என்று பதில். பிறகு குட்டை ஸ்டெம் போட்டார்கள். கை எட்டியது, ஆனால் ஹேண்டில்பார் சொன்னபடி கேட்காமல் வெடுக்கென்று திரும்ப ஆரம்பித்தது. இப்போது அந்தச் சைக்கிள் பால்கனியில் தொங்குகிறது. தவணை மட்டும் மாதாமாதம் போகிறது. "சார், எனக்குத்தான் சைக்கிள் ஒத்துக்கல" என்கிறான். அந்த வார்த்தைதான் எனக்குத் தாங்கவில்லை. ஒத்துவராத சைக்கிளை விற்றவர்கள் ஒருவரும் வருத்தப்படவில்லை. வாங்கியவன் தன் உடம்பின் மேல் பழி போட்டுக்கொள்கிறான்.

அவனுக்கு நான் போட்டுக்காட்டிய கணக்கை உங்களுக்கும் சொல்கிறேன். செருப்பில்லாமல் சுவரோடு முதுகை ஒட்டி நில்லுங்கள். கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைக் கால்களுக்கு நடுவே, சீட்டில் உட்கார்ந்தால் அழுந்துவதுபோல் மேலே தூக்கிப் பிடியுங்கள். தரையிலிருந்து புத்தகத்தின் மேல் விளிம்புவரை அளந்தால் அது கால் உள்ளளவு. அதை 0.883-ஆல் பெருக்கினால் பெடல் அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேல்வரை உள்ள உயரம் கிடைக்கும். லெமாண்ட் பிரபலமாக்கிய கணக்கு இது. 0.65-ஆல் பெருக்கினால் நேர் பார் ஃபிரேமின் அளவு. உள்ளளவு 80 சென்டிமீட்டர் என்றால் சீட் உயரம் சுமார் 70.6, ஃபிரேம் 52. இது வேதவாக்கு இல்லை. கை நீளம், இடுப்பு வளைவு எல்லாம் பார்த்து முன்பின் மாறும். ஆனால் தொடங்க ஓர் இடம் வேண்டும் அல்லவா? 'எம்' என்ற எழுத்தை எதால் பெருக்குவது?

எதிர்க்கட்சி வாதங்களையும் பார்த்துவிடுவோம்.

முதல் வாதம்: பார் சாய்ந்தாலும் சீட், பெடல், ஹேண்டில்பார் மூன்றும் சரியான இடத்தில் இருந்தால் போதாதா? போதும். முழுக்கச் சரியான வாதம். உடம்பு தொடுவது அந்த மூன்று இடங்களைத்தான், பாரைத் தொடுவதில்லை. சீட்டின் உயரத்தைக் கம்பியால் சரிசெய்துவிடலாம், அதுவும் சரி. ஆனால் ஹேண்டில்பார் எவ்வளவு உயரத்தில், எவ்வளவு தூரத்தில் வரும் என்பது ஃபிரேமோடு பிறந்தது. அளவுகள் குறைந்தால் இரண்டு அளவுகளுக்கு நடுவில் விழுகிறவர்கள் அதிகம். என் சண்டை சாய்வோடு இல்லை. சாய்வைச் சாக்காக வைத்து அளவுகளைக் குறைத்ததோடுதான்.

இரண்டாவது வாதம்: ஹேண்டில்பாரை உயர்த்திக்கொள்ளலாமே? நம் காலத்தில் உயர்த்தினோம். நடு போல்ட்டைத் தளர்த்தி, சுத்தியால் மேலே ஒரு தட்டு தட்டி, வேண்டிய உயரத்துக்கு இழுத்து முடுக்கினால் தீர்ந்தது. இன்று கார்பன் போர்க்கின் தண்டில் வளையங்களை அடுக்கித்தான் உயர்த்தமுடியும். அதற்கும் கம்பெனிகள் வரம்பு வைத்திருக்கின்றன. பொதுவாக மூன்று நான்கு சென்டிமீட்டர், அவ்வளவுதான். போதாக்குறைக்கு இப்போது பிரேக் குழாய்கள் எல்லாம் ஹேண்டில்பாருக்கு உள்ளே நுழைந்து, தலைக் குழாய்க்குள் இறங்குகின்றன. பார்க்க வழவழவென்று இருக்கும். ஸ்டெம்மை மாற்றவேண்டும் என்றால் பிரேக் எண்ணெய்க் குழாயைக் கழற்றி, மறுபடி எண்ணெய் ஊற்றி, காற்று எடுக்கவேண்டும். அரை மணி வேலைக்கு அரை நாள், அதற்கேற்ற கூலி.

மூன்றாவது வாதம்: நேர் பார் பார்க்கத் தாத்தா சைக்கிள் மாதிரி இருக்கிறது. இதற்குப் பதில் சொல்ல நான் தகுதியான ஆள் இல்லை. தாத்தாதான் சொல்கிறார்.

நம் ஊர்க்காரர்களுக்கு மட்டும் உள்ள இன்னொரு காரணம் உப்பு. பட்டினப்பாக்கத்தில் ஜன்னல் கம்பி, கேட் கொண்டி, ஏ.சி. பெட்டி எதுவும் நிலைப்பதில்லை என்று உங்களுக்குத் தெரியும். "கார்பன் துருப்பிடிக்காது சார், கடற்கரைக்கு இதுதான்" என்பார்கள். கார்பன் துருப்பிடிக்காது, உண்மை. ஆனால் சைக்கிள் முழுக்கக் கார்பன் இல்லையே! கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். கார்பனும் அலுமினியமும் ஒட்டி இருந்து, நடுவில் உப்பு ஈரம் சேர்ந்தால், பள்ளிக்கூட விஞ்ஞானத்தில் படித்த மின்கலம்தான். அலுமினியம் வெள்ளைப் பொடியாகக் கரையும். சீட்டுக் கம்பி ஃபிரேமுக்குள் பிடித்துக்கொண்டு அசையாது. முரட்டுத்தனமாகத் திருகினால் ஃபிரேமே போய்விடும். வியர்வையும் உப்புதான்; அது சொட்டுவது நேராகத் தலைக் குழாயின் பேரிங் மேல்.

ஆகவே கடலோரத்துச் சைக்கிளுக்கு எல்லாம் சுலபமாகக் கழற்றி மாட்டும்படி இருக்கவேண்டும். பழைய முறை ஃபிரேம்களில் பெரும்பாலும் அப்படித்தான். உருண்டைச் சீட்டுக் கம்பி, சாதாரண ஸ்டெம், வெளியே ஓடும் கேபிள், பெடல் அச்சுக்கு மரை போட்ட கூடு. இந்த மரைக்கு உலகம் முழுக்க 'பி.எஸ்.ஏ. மரை' என்றே பெயர். அம்பத்தூர் சைக்கிளில் பார்த்த அதே பர்மிங்காம் பி.எஸ்.ஏ.தான். நடுவில் மரையே வேண்டாம், அழுத்திச் செருகினால் போதும் என்றார்கள். எடை குறைந்தது, கிறீச் கிறீச் என்ற சத்தம் கூடியது. பிறகு பெரிய கம்பெனிகள் சில மரைக்கே திரும்பி வந்தன. பழையது என்று தூக்கிப்போட்டது எப்படித் திரும்பி வருகிறது பாருங்கள்.

நேர் பாருக்கும் குறைகள் உண்டு. அதை மறைத்தால் நானும் விற்பனையாளன் ஆகிவிடுவேன். கால் உள்ளளவு 76 சென்டிமீட்டருக்குக் கீழே இருப்பவர்களுக்கு நேர் பார் இடிக்கும். அவர்களுக்குச் சாய்ந்த பார்தான் நியாயம். லேடீஸ் சைக்கிளில் அன்றே பாரைத் தாழ்த்தியிருந்தார்களே! அடுத்து, பழைய கார்பன் ரேஸ் ஃபிரேம்கள் பலவற்றில் 25 மில்லிமீட்டர் டயருக்கு மேல் நுழையாது. மெட்ரோ வேலைக்குத் தோண்டி மூடிய நம் ரோடுகளில் 28-க்குக் குறைந்த டயர் முதுகெலும்புக்குப் பகை. அதனால் நேர் பார் என்ற ஒரே காரணத்துக்காகப் பழைய கையிருப்பை எடுத்துவிடாதீர்கள். டயர் இடைவெளியைப் பாருங்கள். செகண்ட் ஹேண்ட் கார்பனில் இன்னும் கவனம் வேண்டும். இரும்பு வளையும், கண்ணுக்குத் தெரியும். கார்பன் உள்ளுக்குள் விரிந்திருந்தாலும் வெளியே பெயின்ட் பளபளக்கும்.

நேர் பார் கார்பன் இன்று சுலபமாகக் கிடைப்பதில்லை என்பதும் உண்மை. கொல்னாகோ சி-59, சி-60 வரையிலும்கூடச் சாய்ந்த அளவுகளோடு பாரம்பரிய அளவுகளையும் விற்றார்கள். குழாயை வேண்டிய நீளத்துக்கு வெட்டி மூட்டில் பொருத்துவதால் அது முடிந்தது. சம்பளக்காரனுக்கு அந்த விலை கட்டாது. அதனால்தான் ஆரம்பத்திலேயே சொன்னேன், ஃபிரேம் கிடைக்காவிட்டால் நியாயத்தையாவது தேடுங்கள் என்று. குறைந்தது ஆறு அளவு உள்ள மாடல். நடுத்தர அளவில் முன்பின் கோணங்கள் 73 டிகிரியை ஒட்டி. ஹேண்டில்பார் சீட்டுக்கு ரொம்பக் கீழே போகாதபடி தலைக் குழாய்க்குப் போதிய உயரம். உருண்டைச் சீட்டுக் கம்பி, பி.எஸ்.ஏ. மரை, தனியாகக் கழலும் ஸ்டெம், 28 அல்லது 32 டயருக்கு இடம். ஒரு கிலோ ஃபிரேமுக்கும் 900 கிராம் ஃபிரேமுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு டம்ளர் தண்ணீருக்குக்கூட ஆகாது. அதற்காக அரை லட்சம் கூடுதலாகக் கொடுக்கவேண்டாம்.

நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் பந்தயம் ஓட்டப்போவதில்லை. ஆசை இருப்பவர்கள் 'பிரவே' என்ற நெடுந்தூர ஓட்டம் போகிறார்கள். 1904-இல் தொடங்கிய ஓடாக்ஸ் கிளப் பாரிசியன் வகுத்த முறை அது, இந்தியாவிலும் நடக்கிறது. 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்கவேண்டும். முதலில் வந்தவர், கடைசியில் வந்தவர் என்ற பேச்சே கிடையாது. பதின்மூன்று மணி நேரம் உட்காரவேண்டிய சைக்கிளில் காற்றைக் கிழிக்கும் வடிவம் முக்கியமா, கழுத்து நோகாமல் இருப்பது முக்கியமா? பிரெஞ்சுக்காரர்கள் சைக்கிளைச் 'சின்ன ராணி' என்று செல்லமாகச் சொல்வார்கள். ராணியாகவே இருக்கட்டும். அதற்காக ஓட்டுகிறவன் நாள் முழுக்கக் குனிந்து கும்பிடு போட்டுக்கொண்டே போகவேண்டியதில்லை.

தையற்காரர் அளவெடுக்காமல் சட்டை தைத்துக் கொடுத்தால் வாங்கமாட்டோம். அதைவிட நூறு மடங்கு விலையுள்ள சாமானை ஓர் எழுத்தை நம்பி வாங்குகிறோம். அளவு நாடா இருபது முப்பது ரூபாய்க்குக் கிடைக்கும். பேரன் கேட்டு வந்தால் முதலில் அதை வாங்கிக் கொடுத்து அளக்கச் சொல்லுங்கள். அந்த எண்ணைக் காகிதத்தில் எழுதி எடுத்துக்கொண்டு கடைக்குப் போகட்டும். காகிதத்தைப் பார்க்காமல் அவனைப் பார்த்து "நீங்க எம்" என்று சொல்கிற கடையாக இருந்தால், படியிறங்கி அடுத்த கடைக்குப் போகச் சொல்லுங்கள்.